கழுகு போட்ட கோடு

அலுவலகத்தில் அவருக்குக் கழுகு என்று பெயர். கேலிக்கு வைத்த பெயரைப் பட்டமாக எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்த மனிதர். வேலை இதுதான்: விமானத்திலிருந்து அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்து, இரட்டை லென்ஸ் கருவியில் குனிந்து பார்க்க வேண்டும். ஒரு கண்ணுக்கு ஒரு படம். சற்று நேரத்தில் இரண்டும் ஒன்றாகி, தட்டைக் காகிதத்தில் மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும். நிலம் எங்கே படிபோல இறங்கியிருக்கிறதோ, அடியில் இன்னும் அசைகிற, நிலநடுக்கத்தில் மேலிருக்கும் கட்டடத்தையே பிளந்துவிடக்கூடிய பிளவு அங்கே இருக்கலாம். அதன்மேல் சிவப்புக் கோடு போட வேண்டும். செயற்கைக்கோள் படங்கள் வந்து குவிந்த பிறகும், சந்தேகம் என்றால் எல்லோரும் கழுகிடம்தான் வருவார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கு இடது கண் மங்கியது. மனைவிதான் முதலில் கவனித்தாள்.

"என்னங்க, டம்ளர் இங்க இருக்கு. தண்ணிய மேசைக்கா ஊத்துறீங்க?"

"கை தவறிடுச்சு. இதுக்கொரு விசாரணையா?"

"தினமுமா தவறும்? டாக்டரைப் போய்ப் பாருங்க."

போகவில்லை. போனால் விஷயம் வெளியே வரும், கழுகு வெறும் மனிதராகிவிடுவார். அந்த வீறாப்போடு கருவியில் குனிந்தார். எதுவும் எழவில்லை. காகிதம் காகிதமாகவே கிடந்தது. நேராக ஓடிய ஒரு கறுத்த தடத்தைப் பார்த்து, இதுதான் என்று குத்துமதிப்பாகக் கோடு போட்டார். அது ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடியில் போனது. அவரே தொலைபேசியில் சொன்னதும் தலைமையாசிரியை பதறிப்போய், பிள்ளைகளைப் பக்கத்துத் தெருவில் காலியாகக் கிடந்த கிடங்குக்கு மாற்றினார்.

பிறகு உறுதி செய்துகொள்ள, கோட்டுக்குக் குறுக்கே பள்ளம் தோண்டினார்கள். மண் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒழுங்காக இருந்தன. நடுவில் துருப்பிடித்த பழைய தண்ணீர்க் குழாய். அதைப் புதைத்த தடத்தைத்தான் கழுகு பிளவு என்று கண்டுபிடித்திருந்தார்.

"இவரே தப்பாப் போட்டிருக்காருன்னா படத்துலதான் கோளாறு," என்று அதிகாரியம்மா படங்களைத் தயார் செய்த பெண்ணின் பக்கம் திரும்பினார். அவள் தலையைக் குனிந்து, "சாரி மேடம்," என்றாள்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன்னை நினைக்கத் தனக்கே கூசியது.

"அப்போ நிஜமான பிளவு எங்க? நீங்களே இன்னொரு தடவை பாருங்க," என்றார் அதிகாரியம்மா.

குனிந்தார். பள்ளிக்கூடம் தெரிந்தது, கிடங்கு தெரிந்தது, எல்லாம் தட்டையாக. அந்தக் கிடங்குக்குள் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்ததும் கருவியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"மேடம், எனக்கு இடது கண்ணு சரியாத் தெரியாது."

"எப்பத்துலேருந்து?"

"இந்தக் கோடு போடுறதுக்கு முன்னாடியே."

திட்டு வாங்கிய பெண்தான் வந்து கருவியில் குனிந்தாள். விரலை மெல்ல நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இங்க படி மாதிரி இறங்குது சார். கிடங்குக்கு அடியிலதான் போகுது."

அப்போதும் அவள் சார் என்றது அவரைப் பிடுங்கித் தின்றது. அதிகாரியம்மா தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினார்.

"நீங்களே சொல்லுங்க."

தலைமையாசிரியைக்குக் குரல் உடனே பிடிபட்டுவிட்டது. "சார், நீங்களா! பிள்ளைங்க எல்லாம் இங்க பத்திரமா இருக்காங்க. உங்க கண்ணுக்குத்தான் நன்றி சொல்லணும்."

"டீச்சர்," என்றார். "முதல்ல பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டு வாங்க. அப்புறம் என்னைத் திட்டுங்க."