அக்காவின் பெயருக்கு ஒரு நோட்டீஸ்

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். வேண்டாவுக்கு வாய்த்த தம்பியோ, அவளுக்கு எதிராகவே வக்கீலைத் தேடிச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினான்.

மாமல்லபுரத்து 'வேண்டா மெஸ்' தம்பி ஆனந்தனுடையது. கல்லா அவனுக்கு, அடுப்படி அக்காவுக்கு. அவள் வைக்கும் நெத்திலிக் குழம்புக்காகத்தான் ஈசிஆர் சாலையில் போகிற கார்கள் நின்றன. அதனால்தான் கடைக்கு அவள் பெயரை வைத்தான். ஆனால் அந்தப் பெயரைப் பதிவு செய்தது தன் பேரில். ஒருநாள் அவன் பெண்டாட்டி எடுத்தெறிந்து பேசவும், அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு நெம்மேலிக்குப் போய்த் தனிக்கடை போட்டாள். அங்கேயும் அதே பெயர்ப்பலகை. கூட்டமும் குழம்பின் பின்னாலேயே போய்விட்டது.

"பேர எடு, இல்லன்னா கேஸுன்னு ஒரு நோட்டீஸ் வுடலாமா சார்?"

வக்கீல் நரசிம்மன் பேனாவைத் திறந்தார். "விடலாம்ப்பா. அந்தப் பேரு உனக்கு எப்படி வந்துச்சு? அதைத்தான் முதல்ல எழுதணும்."

ஆனந்தன் வாயைத் திறந்தான். நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததும், இனிப் பெண்ணே வேண்டாம் என்று ஊர் வழக்கப்படி வைத்த பெயர் அது. அடுத்தது ஆண்பிள்ளை. அந்தப் பிள்ளைதான் இவன். கல்லாவில் உட்கார்ந்து எத்தனையோ பேரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதை, இன்று நாக்கில் ஒட்டிக்கொண்டது.

"நான் பொறக்கணும்னு அக்காவுக்கு வச்ச பேரு சார்" என்றான். சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தான்.

மாமல்லபுரத்தில் இறங்கியவன் கடைக்குப் போகாமல் நெம்மேலி பஸ்ஸில் ஏறினான். அக்கா இலையைப் போட்டுச் சோறு வைத்தாள்.

"உன் பேர எடுக்கச் சொல்லி நோட்டீஸ் வுட வக்கீலாண்ட போயிருந்தேங்கா."

குழம்பு ஊற்றிய கை நின்றது.

"பசங்க கிண்டல் பண்றாங்க, பேர மாத்துங்கன்னு சின்னதுல எவ்ளோ அழுதேன் தெரியுமா? மாத்துனா தம்பி உசுருக்கு ஆவாதுன்னாங்க. சரின்னு வச்சிக்கினேன். இப்ப நீயே மாத்தச் சொல்றியாடா?"

ஆனந்தன் அன்று சாயங்காலமே ஏணி போட்டு மாமல்லபுரத்துப் பலகையைக் கழற்றினான். இனி என்ன பேர் வைக்கப்போகிறாய் என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஆனந்தன் ஏணியை எடுத்து உள்ளே வைத்தான்.