மற்றப் பாதிக் கல்

கீழ்வீட்டில் குசினி அடுப்பு மேடைக்குக் கருங்கல் பலகை அறுக்கிறார்கள். கொழும்பில், வெள்ளவத்தையில் இது ஒன்றும் புதினமில்லை. ஆனாலும் தண்ணீர் ஊற்றி அறுக்கும் கல்லின் ஈர மணம் மாடிப்படியேறி வந்தால் எனக்குச் சிவபாதம் சேரின் முகம்தான் நினைவில் வரும். நல்ல மணத்துக்கு இப்படியொரு முகம்.

புவிச்சரிதவியல் படித்து முடித்த கையோடு, பென்சில் கரியாகும் காரீயம் தேடும் ஒரு கம்பனியில் சேர்ந்தேன். சேர் அங்கே மேலாளர். தெமட்டகொடையில், ரயில் பாதையோரம் எங்கள் கல் அறுக்கும் அறை. அறுப்பு வாள் பிடித்தவர் பியசேன, சிங்களவர்; எனக்கு அவர் அய்யே, அண்ணன், அவருக்கு நான் மல்லி, தம்பி. கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர், தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. சுரங்கத்திலிருந்து வரும் கல்லை இரண்டாக அறுப்பார். ஒரு பாதி ஆய்வுக்குப் போகும், மற்றப் பாதி இலக்கமிட்டு ராக்கையில் கிடக்கும்.

கல்லுக்கு வயது பார்ப்பது பெரிய வித்தையில்லை. ஒரு கோடு இன்னொன்றை ஊடறுத்துப் போனால், ஊடறுத்தது பிந்தி வந்தது. ஒரு கல்லில் கரிய காரீயக் கோடு வெள்ளைப் பட்டையை ஊடறுத்திருந்தது. ஆகவே காரீயம் கடைசியில் வந்தது, பிந்திய வெடிப்புகளில்தான் தேட வேண்டும் என்று படம் கீறி சேரிடம் கொடுத்தேன். அடுத்த மாதம் முதலாளிமார் முன் அதே படம், அவருடைய பெயரில். மூலையில் நின்ற என்னைக் காட்டி, "இவர் எங்களுக்குக் கல்லுக் காவித் தாறவர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வெட்கம் கெட்டவன்.

அந்தக் கல்லின் மற்றப் பாதியை எனக்கென்று வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, பைக்குள் அடங்கும்படி அதில் இன்னும் ஒரு துண்டு அறுக்க அய்யேயிடம் சொன்னேன். நாலு விரல் உள்ளே, வெள்ளைப் பட்டையின் மெல்லிய கிளையொன்று காரீயக் கோட்டை ஊடறுத்துப் போனது. காரீயத்துக்குப் பிறகும் வெள்ளை வந்திருக்கிறது. அப்படியானால் என் வாசிப்பே பிழை. சேர் களவெடுத்தது என் பிழையை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது.

கல்லைச் சாப்பாட்டுப் பையில் வைத்தேன். அய்யே பார்த்துவிட்டார்.

"சேருக்குக் காட்டேல்லையா மல்லி?"

"அவர்ட கல்லுத்தானே அய்யே. அவரே கண்டுபிடிக்கட்டும்."

பிந்திய வெடிப்புகளில் துளை போட்டார்கள். ஒன்றிலும் காரீயம் இல்லை. கூட்டத்துக்குக் கூட்டம் சேர் வியர்த்து வழிய, பின்வரிசையில் நான் பார்த்து ரசித்தேன். ஒருவரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. கடைசியில் கம்பனியை மூடினார்கள். சேர் அவுஸ்திரேலியாவில் இதைவிட நல்ல வேலைக்குப் போனார். எனக்கும் வேறு வேலை கிடைத்தது. ஐம்பது வயது கடந்த பியசேன அய்யேக்குக் கிடைக்கவில்லை.

கடைசி நாள் வாசல் கேற்றடியில், "அந்தக் கல்லு பத்திரமா மல்லி?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

"வச்சிருங்க. நான் அறுத்த கடைசி நல்ல கல்லு அது."

அறை இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். களனியில் அய்யேயின் வீட்டைத் தேடிப் போனேன். வீடு இல்லை, அந்தப் பெயரைத் தெரிந்தவரும் இல்லை. கல் மட்டும் என் பால்கனிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தபடி கிடக்கிறது. சேர் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வருவது, அதை அறுத்த கைகள்.