ஒரு சாண் இருக்கு, அண்ணே

பதுளையில் கிளினிக்குக்கு வந்த தாய்மாரை எடை பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. "மிஸ்ஸி, அப்பா போயிட்டாருங்க," என்றாள் சந்தனம் அண்ணனின் மகள் ராணி. நான் கேட்ட முதல் கேள்வி, "ரோட்டுலயா?" என்பதுதான். "இல்லைங்க, வீட்டுல. டீ குடிச்சிட்டுச் சாஞ்சாரு, அவ்வளவுதான்." அந்த அழுகையிலும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. ஆயுசு முழுக்க மலைப் பாதையில் லொறி ஓட்டியவருக்கு அது சும்மா கிடைத்த பாக்கியமில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதாகச் சேர்ந்தேன். அங்கே ஆம்புலன்ஸ் கிடையாது. கொழுந்து ஏற்றும் லொறியில் மெத்தை போட்டுத்தான் பிள்ளைத்தாய்ச்சியைப் பசறை வழியாகப் பதுளைக்குக் கொண்டுபோவோம். சந்தனம் அண்ணன் வண்டியில் ஏறியவர்களுக்குத் தெரியும், கிளம்புவதற்குள் பொறுமை போய்விடும். நாலு சக்கரத்தையும் சுற்றிப் பார்ப்பார். பின்னால் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் "உக்காந்தாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். வளைவுக்கு வளைவு ஹோன் அடித்து, எதிரிலிருந்து பதில் வருகிறதா என்று காது கொடுப்பார். பனிமூட்டத்தில் கண்ணாடியை முழுக்க இறக்கிவிடுவார். மேடு ஏறின அதே கியரில்தான் இறக்கத்திலும் இறங்குவார்.

எனக்கும் ஒரு வேலை வைத்திருந்தார். லொறியின் பின்னால், பள்ளம் இருக்கும் இடப்பக்கப் பலகையோரம் நான் உட்கார வேண்டும். எதிரே பஸ் வந்து ஓரம் கட்டும்போது, "எடது பக்கம் எவ்வளவு இருக்கு, மிஸ்ஸி?" என்று கேட்பார். பின்சக்கரத்துக்கும் பாதை விளிம்புக்கும் நடுவே உள்ளதை முழத்திலோ சாணிலோ சொல்ல வேண்டும். ஒரு நாள் எட்டிப் பார்க்காமலே "ஒரு முழம் இருக்கு" என்றேன். என் குரலிலேயே கண்டுபிடித்துவிட்டார். இறங்கி வந்து பார்த்தால் ஒரு சாண்தான். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க மிஸ்ஸி, நான் எறங்கிப் பாத்துக்கிறேன். பாக்காம மட்டும் சொல்லாதீங்க." அவ்வளவுதான், ஏச்சில்லை. ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு மழைக்காலத்தில் இரத்தப்போக்கோடு ஒரு தாய் என் மடியில் கிடக்க, இவர் வளைவில் நிறுத்தி ஹோன் அடித்துக்கொண்டிருந்தார். "என்னண்ணே, தேரா இழுக்கிறீங்க?" என்று கத்தினேன். "ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தாத்தான மருந்து," என்றார். அந்தத் தாய் பிழைத்தாள். ஆனால் என் பயம் தீரவில்லை. மறுநாள் தோட்ட மேனேஜர் தொரையிடம் போய், இந்த ஆமை வேகத்தில் ஒரு நாள் ஓர் உயிர் போகும், வேறு டிரைவரைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். சந்தனம் அண்ணனுக்குக் கொழுந்து மட்டும் என்றானது.

புது டிரைவர் பறந்தார். எனக்கும் சந்தோஷம். இரண்டு மாதம் கழித்து, லெட்சுமி என்ற பெண்ணைப் பிரசவ வலியோடு கொண்டுபோகும்போது, டீசல் மிச்சமாகட்டும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விட்டார். அங்கே பலர் செய்கிற வேலைதான். பிரேக் சூடாகி நாற்றம் வந்தது, பிறகு பிடிக்கவே இல்லை. நல்ல காலம், பள்ளத்துப் பக்கம் போகாமல் மண்மேட்டில் மோத விட்டார். என் இடக்கை மணிக்கட்டு முறிந்தது. லெட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

தகவல் போய், கொழுந்து லொறியோடு வந்தது சந்தனம் அண்ணன்தான். சக்கரத்துக்குக் கல் வைத்தார், லெட்சுமியைத் தூக்கி ஏற்றினார். என் கையைப் பார்த்தார். "மிஸ்ஸி, வலிக்குதுன்னு தெரியும். எடது பக்கம் பாத்துச் சொல்லுவீங்களா?" என்றார். அழுதுகொண்டே வழி நெடுகச் சொன்னேன். ஒவ்வொரு தரமும் எட்டிப் பார்த்துத்தான் சொன்னேன். அன்று பதுளையில் பிறந்த பையன் இப்போது வேலைக்குப் போகிறான்.

அதன்பிறகு பல வருடம் அவரோடுதான் போனேன். தொரையிடம் சொன்னது நான்தான் என்று ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. நீளமான வாய், அதற்கு மட்டும் கட்டை.

அடக்கம் முடிந்த பிறகு ராணியிடம் அதைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவுக்கு அன்னைக்கே தெரியுங்க மிஸ்ஸி. 'மிஸ்ஸி அந்தப் பொம்பளைங்களுக்காகப் பதறிச் சொல்லியிருக்கு, யாரும் போய்க் கேக்கக்கூடாது'ன்னு எங்களைத் தடுத்துட்டாரு." தெரிந்துகொண்டேதான் என்னை அந்தப் பலகையோரம் உட்காரவைத்து, என் வார்த்தையை நம்பி, பள்ளத்தின் விளிம்பில் வண்டியை நகர்த்தியிருக்கிறார்.

திரும்பும்போது பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பசறைக்கு முந்திய வளைவில் எதிரே ஒரு லொறி. பஸ் ஓரம் கட்டியது. தலையை நீட்டிப் பின்சக்கரத்தைப் பார்த்தேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான். நன்றாகப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன்: "ஒரு சாண் இருக்கு, அண்ணே."