ஒன்பதாவது ஆள்

எங்கள் தீவில் ஓட்டுப் போடுவதென்றால் ஒருவரை விட்டுவிடுவது. சபைக்கு எட்டுப் பேர் வேண்டும். எட்டுப் பேர் மட்டும் நின்றால் தேர்தலே கிடையாது. எல்லோரும் கைகுலுக்கிவிட்டு உருளைக்கிழங்கு தோண்டப் போய்விடலாம். ஆனால் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஒன்பதாவதாக ஒருவன் வந்து நின்று எங்கள் நிம்மதியைக் கெடுப்பான். அவன் என் பக்கத்து வீட்டு ஆம்ப்ரோஸ்.

சீட்டில் ஒன்பது பெயர் இருக்கும். எட்டுக்கு நேராகக் குறி போடலாம். குறைத்தும் போடலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் இருநூற்றுச் சொச்சம் பேரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சானாக இருக்கிற இடத்தில் ஒருவரைப் பகைத்துக்கொள்வதே ஜாஸ்தி, இரண்டு பேரை யார் பகைத்துக்கொள்வார்கள்? அதனால் எட்டுக் குறி போட்டு ஒரு ஆளை விடுவோம். விடப்பட்டவர் யார் என்று எப்படியும் தெரிந்துவிடும். எலினாரை விட்டால் நம் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்க வரமாட்டாள். பேசிலை விட்டால் அவன் கடையில் மாவு தீர்ந்துபோயிருக்கும், நமக்கு மட்டும். ஆம்ப்ரோஸை விட்டால் ஒன்றும் ஆகாது. மறுநாள் அவனே வந்து நம் கூரையைச் சரிபார்த்துவிட்டுப் போவான்.

ஆகவே ஊரே அவனை விட்டது. அவன் பெண்டாட்டி ஐவியும் விட்டாள். அதை மறைக்கவும் இல்லை.

"பேசில் என் கூடப் பிறந்தவன்க்கா," என்று என்னிடம் சொல்வாள். "அவனை விட்டா ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வரமாட்டான். இவரை விட்டா இவரு எங்க போவாரு? இங்கதானே வரணும்?"

ஆம்ப்ரோஸ் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தபடி தலையாட்டுவான். வாதத்தில் குறையில்லை என்பது அவன் எண்ணம்.

ஏன் நிற்கிறான் என்று கேட்டால், "ஒரு தடவை அந்த மேசையில உக்காந்து பாக்கணும்" என்பான். அவ்வளவுதான் அவன் கொள்கை. மீன்பிடிப்புக்குத் தலைவன் அவன்தான். விடியலில் எழுந்து கடலைப் பார்த்து, போகலாம் என்றால் துறைமேட்டில் தொங்கும் காலி சிலிண்டரைச் சுத்தியலால் அடிப்பான். அடித்தால் ஊரே படகுக்கு ஓடும், அவன் கரையிலிருந்து பார்த்துக்கொள்வான். அடிக்காவிட்டால் ஒருவரும் போகக் கூடாது. அந்தச் சத்தத்தை நம்பி இத்தனை உயிர் கடலுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. அப்படிப்பட்டவனுக்குச் சபையில் நாற்காலி இல்லை என்பது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

இந்தத் தடவை கதை மாறியது. காரணம், துறைமுகத்து கிரேன். படகைத் தூக்கும் அந்த கிரேன் பழுதாகி மூன்று வருடம். புதுசு வாங்குவதைப் பற்றி பேசில் ஒவ்வொரு கூட்டத்திலும் "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்று சொல்லிவந்தான். அந்த கிரேன் சபைக் குறிப்புகளில் மட்டும்தான் எதையாவது தூக்கிக்கொண்டிருந்தது. பையன்கள் படகைத் தோளால் இழுத்து இழுத்து ஓய்ந்துபோனார்கள்.

டெரிக் என்கிற இளவட்டம் ஆம்ப்ரோஸ் வீட்டு வாசலில் வந்து நின்றான். பின்னால் நாலு பேர்.

"மாமா, இந்தத் தடவை பேசில் மாமாவுக்கு டாட்டா. முப்பது ஓட்டு, எல்லாம் உங்களுக்குத்தான்."

"கடையில மாவு தரமாட்டான்டா."

"மாவு என்ன மாவு! எங்க முதுகைப் பாத்தீங்களா? நீங்க ஜெயிச்சா கிரேனு, அவ்வளவுதான்."

முப்பது ஓட்டு ஒன்றாக விழுந்தால் ஜெயித்தாலும் ஜெயிக்கலாம். ஆம்ப்ரோஸ் அன்று மாலை சபை கூடும் மண்டபத்துக்குப் போய், யாருமில்லாத நேரம் பார்த்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கூட்டிப் பெருக்கப் போன நான் பார்த்துவிட்டேன். "நல்லா கெட்டியாத்தான் இருக்குக்கா," என்றான், நாற்காலிக் கால் ஆடுகிறதா என்று பார்க்க வந்தவன்போல. ஐவி அவனுடைய கோட்டைப் பிரித்துத் தைத்தாள். ஆசை வந்துவிட்டது மனுஷனுக்கு. எனக்குப் பாவமாக இருந்தது.

தேர்தலுக்கு முன்னால் இரண்டு வாரம் கடல் கொந்தளிப்பு. ஒரு படகும் போகவில்லை, ஒரு சிங்கி இறாலும் வரவில்லை, எந்த வீட்டிலும் வரும்படி இல்லை. தேர்தலன்று விடிந்தபோது கடல் தட்டில் ஊற்றிய பால்போலக் கிடந்தது.

ஓட்டு ஒன்பது மணிக்கு ஆரம்பித்து நாலு மணிக்கு முடியும். விடியலில் போகிற படகு சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் திரும்பாது. சுத்தியலை எடுத்துக்கொண்டு கிளம்பியவனை ஐவி வாசலில் மறித்தாள். சுவர் ஒட்டிய வீடு, எல்லாம் என் காதில் விழுந்தது.

"வெளியில கொஞ்சம் அலை இருக்கிற மாதிரி இல்ல?"

"இல்ல."

"மேற்கால கறுப்பா ஏதோ தெரியுதே."

"அது மலையோட நிழல் ஐவி."

"அலை இருக்குன்னு நீ சொன்னா யாரு வந்து அளந்து பாக்கப்போறா?"

அவன் சுத்தியலைக் கை மாற்றிக்கொண்டான். "பிள்ளைங்க ரெண்டு வாரமா சும்மா உக்காந்திருக்கானுங்க," என்று சொல்லிவிட்டுப் போனான். சிலிண்டர் சத்தம் கேட்டது.

பையன்களுக்கு மனசு கேட்கவில்லை. ரப்பர் பூட்ஸோடு போய், தேர்தலை நடத்துகிற நிர்வாகி வீட்டுக் கதவைத் தட்டி, முன்கூட்டியே ஓட்டுப் போடலாமா என்று கேட்டார்கள். சீமையிலிருந்து வந்த நிர்வாகி இரவு உடையில் நின்று, ஒன்பது மணி என்றால் ஒன்பது மணிதான் என்றார். மிகுந்த வருத்தத்தோடுதான் சொன்னார். பையன்கள் கடலுக்குப் போனார்கள்.

ஆனால் ஊர்ப் பெண்களுக்குக் கண் இருக்கிறது. தன் ஓட்டைத் தானே கடலுக்கு அனுப்பிவைத்தவனை எப்படி விடுவது? மண்டபத்து வரிசையில் கிசுகிசுவென்று பேச்சு. ஓட்டுப் பெட்டிக்குக் காவலாக உட்கார்ந்திருந்த எனக்கே காற்று மாறுவது தெரிந்தது. ஐவி வந்தாள். சீட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் தடுப்புக்குள் நின்றாள். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஆம்ப்ரோஸ், ஐவி தைத்துக் கொடுத்த கோட்டில் வந்தான், போட்டான், எல்லோருக்கும் வணக்கம் சொன்னான், போனான்.

சாயங்காலம் எண்ணினோம். எட்டாவது பேசில். ஒன்பதாவது ஆம்ப்ரோஸ். வித்தியாசம் ஒரே ஒரு ஓட்டு. நிர்வாகி மறுபடி எண்ணச் சொன்னார். மறுபடியும் ஒன்றுதான்.

ஐவி வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். உட்காருவதற்குள் பேசில் ஒரு ஆட்டுத் தொடையோடு உள்ளே வந்தான். வந்தவன் நேராக ஐவியைக் கட்டிக்கொண்டான்.

"ஒரே ஓட்டும்மா! ஊரே என்னைக் கவுக்கப் பாத்துச்சு. அந்த ஒரு ஓட்டு என் தங்கச்சி ஓட்டுன்னு எனக்குத் தெரியாதா?"

ஐவி ஆட்டுத் தொடையை வாங்கிக்கொண்டாள். 

"ஆம்ப்ரோஸ், உனக்கு ஒண்ணும் கோவமில்லையே?"

"சே சே. கிரேன் விஷயத்தை மட்டும் பாரு."

"அடுத்த கூட்டத்துல பாத்துடலாம்," என்று சொல்லிவிட்டு பேசில் போய்விட்டான்.

கதவு சாத்தியதும் ஐவி தொடையை மேசைமேல் போட்டாள். "அவன் பேருக்கு நான் குறி போடலை. மொத தடவையா என் அண்ணனை வெட்டிட்டு வந்து நிக்கிறேன். அப்புறமும் ஒரு ஓட்டுல தோத்திருக்கே. யாரு அந்த ஒரு ஆளு? எலினாரா? அவளை நாளைக்குப் பாத்துக்கறேன்."

"எலினாரு இல்ல," என்றான் ஆம்ப்ரோஸ்.

"உனக்கெப்படித் தெரியும்?"

அவன் கரண்டியால் தட்டைச் சுரண்டினான். "உள்ள போயி ஒவ்வொரு பேரா பாத்தேன். ஒருத்தரை விட்டுத்தானே ஆகணும். யாரை விட்டாலும் அவங்க முகம் வந்து முன்னால நிக்குது. கடைசில…"

"கடைசில?"

"என்னை விட்டுட்டேன்."

நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். ஐவி என் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள்.

"எப்பவுமே அப்படித்தானா?" என்று கேட்டாள்.

"எப்பவுமே."

ஐவி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உனக்கு ஒரு நாற்காலி கிடைக்கணும்னு நான் என் ரத்தத்தையே வெட்டினேன் ஆம்ப்ரோஸ். நீ உனக்கு ஒரு குறி போட்டுக்கக் கூடாதா?"

ஆம்ப்ரோஸ் கரண்டியைக் கீழே வைத்தான். இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் அவன் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். ஐவி அவனைத் தேற்றவில்லை. உருளைக்கிழங்கை எடுத்து அவன் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள், தட்டு நிறைந்த பிறகும்.