வேலிக்கு இருபுறமும் நடந்த எங்கள் அண்ணன்

அண்ணன் அவர்கள் இல்லாத வீட்டில் ஓர் ஆண்டைக் கழித்துவிட்டோம். அவரை நேசித்த உங்களுக்கு இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும்படி, தங்கையாகிய என்னைக் குடும்பத்தார் பணித்தனர்.

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த எங்கள் தந்தையார், பினாங்கில் பாதிரிமார் இல்லத்துச் சமையற்காரர். அந்த இல்லத்தின் பின்கட்டில்தான் அண்ணன் பிறந்தார். பாதிரியார் ஒருவரின் தயவால் படித்து, சிங்கப்பூர் சென்று மருத்துவரானார். பினாங்குக்கே திரும்பி, சூலியா தெருவில் ஒரு மரைக்காயரின் துணிக்கடை மாடியில் டிஸ்பென்சரி வைத்தார். துறைமுகத் தொழிலாளிகள் படியேறி வந்து, மருந்தோடு வசவும் வாங்கிப் போவார்கள். "சாராயத்தை விடாதவனுக்கு டாக்டர் எதுக்கு?" என்று ஒருவரிடம் கத்திவிட்டு, அடுத்தவரைப் பார்த்துச் சிரிப்பார். கவர்னர் அவரை இந்தியர் பிரதிநிதியாகச் சட்டசபைக்கு நியமித்தபோது, மரைக்காயர் தெருவுக்கே சர்பத் கொடுத்தார்.

ஒருமுறை அம்மாவுடன் நாகப்பட்டினம் சென்று திரும்புகையில், அண்ணன் தம் அறையை விட்டுவிட்டுக் கப்பலின் திறந்த தளத்தில் ஏழைகளோடு பயணம் செய்தார். தளப் பயணிகளை மட்டும் பினாங்கை ஒட்டிய ஒரு சிறு தீவிலிருந்த நோய்த்தடுப்பு முகாமில் நிறுத்திவைப்பது அன்றைய வழக்கம்.

"உங்கப்பாவோட வந்தப்ப நான் அங்க கெடந்தது போதாதா? உனக்கு எதுக்குய்யா இது?" என்று அம்மா அழுதார்.

"பாக்காம சபையில எப்படிம்மா பேசுறது?" என்றார் அண்ணன்.

அம்மா வீடு வந்து சேர்ந்தார். அண்ணன் தீவில் இறங்கினார்.

அங்கே ஆண்களுக்கு ஒரு கொட்டகை, பெண்களுக்கு ஒன்று, நடுவே கம்பிவேலி. மருத்துவர் என்பதால் அண்ணனை மட்டும் இருபுறமும் போகவிட்டார்கள். தட்டம்மை கண்ட கைக்குழந்தையின் தகப்பன் விடிந்ததும் வேலியருகே வந்து நிற்பான். "ஐயா, பிள்ளை பால் குடிச்சுச்சா?" என்று கேட்பான். குழந்தை இறந்த காலையில் அவனிடம் அதைச் சொல்ல நேர்ந்ததும் அண்ணனுக்குத்தான். கணவனும் மனைவியும் கம்பிகளுக்கிடையே விரல்களைப் பற்றிக்கொண்டு நின்றதை அண்ணன் ஒரே ஒருமுறை எங்களிடம் சொன்னார். மறுமுறை கேட்க எங்களுக்குத் துணிவில்லை.

சிங்கப்பூரில் சபை கூடியதும், நோயைத் தடுக்க முகாம் வேண்டும், அதற்காகக் குடும்பத்தைப் பிரிக்க வேண்டாம் என்று பேசினார். இரக்கத்தை வைத்துச் சட்டம் செய்ய முடியாது என்றாராம் ஓர் அதிகாரி. அண்ணன் அடுத்த கூட்டத்திலும் எழுந்தார், அதற்கடுத்ததிலும் எழுந்தார்.

மரைக்காயருக்குக் கவலை பிடித்தது. "டாக்டர் தம்பி, கொஞ்சம் அடங்கிப் போங்களேன். மறுபடி ஒங்கள சபையில போடமாட்டாங்க லா."

"போடாட்டி மாடியில ஒக்காந்து மருந்து கலக்குறேன், அண்ணே."

முடிவில், குடும்பங்கள் ஒரே கொட்டகையில் தங்க அனுமதி வந்தது. அண்ணனுக்கு மறு நியமனம் வரவில்லை. வருத்தமில்லை என்பார். ஆனாலும் சிங்கப்பூர் போகும் கப்பல் சங்கு ஊதினால், பேச்சை நிறுத்தி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்; ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

இதய நோயில் படுத்த பின்னும் நோயாளிகளை வீட்டுக்கே வரச் சொன்னார். திட்டுவதற்குக் குரல் எழவில்லையே என்பதுதான் அவருக்குக் குறை.

அருகிருந்து கவனித்த மருத்துவ நண்பர்களுக்கும், செபித்து வழியனுப்பிய பங்குத்தந்தைக்கும், கடையடைத்து வந்த மரைக்காயருக்கும், அடுப்பெரியாத எங்கள் வீட்டுக்குக் கஞ்சி அனுப்பிய எதிர்வீட்டுச் சீன அம்மையாருக்கும் கைகூப்புகிறோம்.

இன்னும் சிலர் உண்டு. கடலுக்கு அக்கரையிலுள்ள ரப்பர்த் தோட்டங்களிலிருந்து படகேறி வந்து, "நாங்களும் கொஞ்ச தூரம் தூக்குறோம்" என்று கேட்டுப் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்கள். அன்றைய துக்கத்தில் அவர்கள் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. இம்மலர் அவர்கள் கைக்குப் போகுமோ, போனாலும் வாசிக்க முடியுமோ, தெரியாது. அவர்களை அறிந்தவர்கள் பக்கத்தில் அமர்ந்து இதை வாசித்துக் காட்டுங்கள். டாக்டரின் தங்கை உங்களை மறக்கவில்லை என்று சொல்லுங்கள்.