தனலெட்சுமியக்கா வாங்கிய ஸ்டாண்ட்

தனலெட்சுமியக்கா பிஸ்கட் அட்டைப்பெட்டியை வெட்டி மோட்டார் சைக்கிளுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். வாசல் தரையில் மல்லாந்து படுத்து, பின்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் இரும்புக் கைக்கு அடியில் அட்டையை வைத்துப் பென்சிலால் கோடு இழுத்தார். புகைக்குழாய் இடிக்கும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி. தன் ரவிக்கைக்குக்கூட அவர் இவ்வளவு பாடுபட்டு அளவு கொடுத்து நான் பார்த்ததில்லை.

தம்போயில் எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து விடிவதற்கு முன்பே எல்லைப் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் தொழிற்சாலைகளுக்குக் கிளம்பும் வண்டிகளில் அக்காவுடையதும் ஒன்று. மற்றவை ஊரை எழுப்பிவிட்டுப் போகும். இது போவதே தெரியாது. "செயின் காஞ்சிருந்தா பாலத்துல பாதியில நம்மள எறக்கி விட்டுரும்லா" என்பார். அதனால் ஞாயிறு தவறாமல் செயினுக்கு எண்ணெய். தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்தால் முதல் எண்ணெய் செயினுக்குத்தான், பிறகுதான் தலைக்கு.

அது இரண்டு ஆள் வேலை. கணவர் வேலு வண்டியைப் பக்க ஸ்டாண்டின் மேல் சாய்த்துப் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிப்பார். அக்கா சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி எண்ணெய் அடிப்பார். வாரத்தின் பேச்சும் சண்டையும் அப்போதுதான் நடந்து முடியும். போன வருடம் வேலு அண்ணனுக்கு ஸ்ட்ரோக் வந்து இடது கை ஒத்துழைக்காமல் போனது. அப்போதும் பிடிவாதமாகப் பிடித்தார். ஒரு ஞாயிறு வண்டி நழுவி அவர் கால்மேல் சாய்ந்துவிட்டது.

காயம் ஆறிவிட்டது. ஆனால் மனிதர் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வாசல் பக்கமே வருவதில்லை. ஓடாத டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும். அக்கா புலம்பவில்லை. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்ட் ஒன்று வாங்கப்போவதாக மட்டும் சொன்னார்.

என் காரில்தான் போனோம். கடைக்காரர் ஜெயகுமார் இரண்டு வகை காட்டினார். அந்த இரும்புக் கைக்கு அவர் பாஷையில் ஸ்விங்ஆர்ம் என்று பெயர். அதில் குமிழ்களைத் திருகி, ஸ்டாண்டின் கவையில் அவற்றை மாட்டித் தூக்குவது ஒரு வகை. ரப்பர் வைத்த தாங்கியை அடியில் கொடுத்துத் தூக்குவது இன்னொன்று.

"ஒங்க மோட்டார்ல குமிழு மாட்ட ஓட்ட இருக்குக்கா. இத எடுத்துட்டு போங்க, ஒத்த ஆளாவே தூக்கிரலாம்."

அக்கா அட்டையை ரப்பர் தாங்கியின் மேல் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"அதுக்கு ரெண்டு ஆளு வேணும்கா. ஒருத்தர் முன்னால நின்னு ஹெண்டல நேரா புடிச்சு பிரேக்க அமுக்கணும். இல்லன்னா உருண்டுரும்."

"முன் பிரேக்கு வலது கையிலதானே தம்பி?" என்று கேட்டார் அக்கா. தினமும் அந்த பிரேக்கைப் பிடித்தபடி பாலத்தில் ஊர்கிறவர் கேட்கிற கேள்வியா இது?

"வலதுதான்."

"அப்ப இதையே குடு. வீட்ல ஆளு இருக்கு."

அப்படியும் ஜெயகுமார் மனசு கேட்காமல், பிரேக்கைக் கட்டிவைக்க ஒரு ரப்பர் பட்டையை இலவசமாகத் தந்தார். இப்போது அது அக்கா வீட்டுக் குப்பைத்தொட்டியைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

அடுத்த ஞாயிறு வண்டியை இடப்பக்கச் சுவரோரம் நிறுத்திவிட்டு, அக்கா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "என்னங்க, பிரேக்கு புடிக்க ஆளில்லாம நிக்கிறேன்."

வெகுநேரம் கழித்து வேலு அண்ணன் நடந்து வந்தார். ஸ்டாண்டைச் சுற்றிப் பார்த்தார். "ஒத்த ஆளு தூக்குறது கடையில இல்லியா?"

"இதுதான் அளவுக்கு வந்துச்சு" என்று அக்கா அட்டையை நீட்டினார். அண்ணன் அதை வாங்கி, குனிந்து பொருத்திப் பார்த்துத் தலையாட்டினார். வலது கையால் ஹெண்டலை நிமிர்த்தி பிரேக்கை அழுத்தினார். அக்கா ஸ்டாண்டின் பிடியைக் கீழே அமுக்க, பின்சக்கரம் தரையை விட்டு எழுந்தது.

வண்டி அசையாமல் நின்றது. இனி அதை யாரும் பிடிக்க வேண்டியதில்லை. அண்ணனுக்கும் அது தெரிந்து, விரல்கள் மெல்லத் தளர்ந்தன.

"விட்டுறாதீங்க" என்றார் அக்கா, செயினிலிருந்து முகத்தை எடுக்காமல்.

வேலு அண்ணன் பக்கத்தில் கிடந்த ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிரேக்கை மறுபடி இறுக்கிப் பிடித்தார்.