தும்பிக்கை இல்லாத யானை

என் கையெழுத்து நன்றாக இருக்காது. பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பென்சில் பிடித்ததெல்லாம் தரையில் டைல்ஸுக்கு அளவு குறிப்பதற்குத்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொன்னால் முடிந்தது, எதற்கு எழுதிக்கொண்டு என்று மனைவி கேட்டாள். எனக்கு வாயால் சொல்ல வராது. என் மகளுக்குக் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கத் தெரியும், தமிழ் எழுத்துத் தெரியாது. நான் எழுதி வைத்தால் அவள் அம்மா படித்துக் காட்டுவாள். அந்த நேரத்தில் நான் வேலைக்குக் கிளம்பிப் போயிருப்பேன்.

ஆவணி மாதம் எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் முடிந்தது. மைசூரிலேயே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள், இதை வீட்டில் பாயசம் வைத்து முடித்துவிடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். கல்லூரிக் காலத்திலிருந்தே அவள் போனில் கொரியா நாட்டு சீரியல் பார்ப்பாள். அந்த நாட்டுச் சாப்பாடு போடும் பெரிய ஓட்டல் ஒன்று இங்கே வந்திருக்கிறதாம். பத்து நாள் முன்பே சொல்லி வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களைக் கூட்டிப்போனாள்.

உள்ளே போனதும் நான் தரையைத்தான் பார்த்தேன். வெட்கப்படுகிறவனுக்குத் தரை நல்ல துணை. அதோடு என் தொழிலும் அது. கறுப்புக் கல்லை இணைப்பே தெரியாமல் பதித்திருந்தார்கள். மேஜை நடுவில் அடுப்பு இருந்தது. அதன் புகையை இழுக்கக் கூரையிலிருந்து ஒரு குழாய் வளைந்து தொங்கியது. என் மனைவி கல்யாணப் பட்டுப்புடவையை இழுத்துச் சுற்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"என்னடி இது, யானை மேலேருந்து தும்பிக்கையை விட்ட மாதிரி இருக்கு."

முதலில் சின்னச் சின்னக் கிண்ணங்களாகப் பத்துப் பன்னிரண்டு வந்தன. இவ்வளவுதான் சாப்பாடா என்று மனைவி என் காதில் கேட்டாள். இதெல்லாம் தொட்டுக்கொள்ள என்று மகள் சிரித்தாள். முட்டைக்கோஸில் போட்ட ஊறுகாய் மனைவிக்குப் பிடித்துவிட்டது. பூண்டு கொஞ்சம் தூக்கல் என்று மட்டும் குறை சொன்னாள். இரண்டு குச்சிகளால் எப்படிச் சாப்பிடுவது என்று மகள் என் விரல்களைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு வாய்க்கும் எங்கள் முகத்தைப் பார்த்தாள். எங்களுக்குப் பிடிக்க வேண்டுமே என்று அவள் பட்ட கவலையில் அவளே சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம் வெங்காயத்தாள் போட்டுச் சுட்ட ஒன்று தட்டு நிறைய வந்தது. பார்க்க நம் அடை மாதிரியே இருந்தது. பரிமாறிய பெண் மணிப்பூர்ப் பக்கத்தவள், கன்னடம் நன்றாகப் பேசினாள். அவள் ஒரு கத்தரியை எடுத்தாள். துணி வெட்டுகிற கத்தரி மாதிரியேதான். அதை விரித்து அந்த அடையின் மேல் வைத்தாள்.

நான் தட்டின் மேல் என் கையை வைத்து மறைத்தேன். வேண்டாம்மா என்று தமிழில் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும், பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். அந்தப் பெண் விரித்த கத்தரியோடு அப்படியே நின்றாள்.

"அப்பா, கைய எடுங்க, சுட்டுடும்" என்றாள் மகள். பிறகு குரலைத் தணித்து, "இங்க இப்படித்தான்ப்பா வெட்டுவாங்க. கத்தரி க்ளீனாத்தான் இருக்கும்."

கையை எடுத்தேன். அந்தப் பெண் எட்டுத் துண்டாக வெட்டி வைத்துவிட்டுப் போனாள். எனக்கு ஒரு துண்டுகூட இறங்கவில்லை. மகள் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் கூட்டிட்டு வந்தது உங்களுக்குப் பிடிக்கலையாப்பா?"

தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது, ஆட்டோவில் வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்ததில் தெரிந்தது. அவளுக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் இதுதான்.

எனக்குப் பத்து வயது. மைசூர் மண்டி மொகல்லாவில் வாடகை வீடு. அதன் முன்னறைதான் அப்பாவின் தையல் கடை. அவரிடம் பித்தளைப் பிடி போட்ட பெரிய கத்தரி ஒன்று இருந்தது. அது துணியைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. காகிதம் வெட்டினால் வாய் போய்விடும், முடி வெட்டினால் வாய் போய்விடும் என்பார். வாய் என்றால் கூர். சீயக்காய்த்தூள் பொட்டலத்தைக்கூட அம்மா பல்லால்தான் கிழிப்பாள். பக்கத்து வீட்டார் கத்தரி கேட்டால் பிளேடு கொடுத்து அனுப்புவார்.

ஆயுதபூஜை அன்று மெஷின், இஸ்திரிப் பெட்டி, டேப், சாக்குக்கட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். கத்தரிக்கு மட்டும் தனி இலை. மறுநாள் விஜயதசமிக் காலை வரை அதற்கு ஓய்வு. யாரும் தொடக் கூடாது.

அந்த வருஷம் தங்கைக்கு ஐந்து வயது. நின்றிருந்த மாட்டுவண்டியிலிருந்து குதித்து, காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். தசரா ஊர்வலம் பார்க்க முடியாதே என்று இரண்டு நாளாக அழுகை. ஊர் முழுக்க யானையைப் பற்றியே பேச்சாக இருந்தபோது அவளுக்கு மட்டும் யானை இல்லை. ஆயுதபூஜைச் சாப்பாடு முடிந்து அப்பா கண்ணயர்ந்திருந்தார். அம்மா அக்கம்பக்கத்தில் ஒப்பட்டு, அதாவது நம் போளி, கொடுக்கப் போயிருந்தாள். உனக்கு நான் யானை தருகிறேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தேன்.

பெரிய ஒப்பட்டாக ஒன்றை எடுத்து, காய் நறுக்கும் கத்தியால் முயன்றேன். பிய்ந்து பூரணம் வெளியே வந்தது. முன்னறைக்குப் போனேன். கத்தரியை இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. அதன் வாயில் ஒப்பட்டு மெத்தென்று வெட்டுப்பட்டது. முதுகு வந்தது, வால் வந்தது, காது வந்தது. கால் நான்கு வர வேண்டிய இடத்தில் மூன்றுதான் வந்தது. தும்பிக்கையைத் தூக்கிக் காட்டும்போது அது ஒடிந்து விழுந்தது. தங்கை அழ ஆரம்பித்தாள். ஒடிந்ததை நான் வாயில் போட்டுக்கொண்டு, யானை தும்பிக்கையை உள்ளே மடித்து வைத்திருக்கிறது என்றேன். அவள் சிரித்தாள். காதிலிருந்து தின்ன ஆரம்பித்தாள்.

கத்தரியைக் குழாயில் கழுவி, சட்டையில் துடைத்து, சந்தனம் வைத்து இலையில் படுக்க வைத்தேன். முன்னிருந்ததைவிடப் பெரிய பொட்டு.

மறுநாள் காலை எங்கள் தெரு வெற்றிலைக் கடைக்காரர் வெள்ளைத் துணியோடு வந்தார். ஒவ்வொரு விஜயதசமிக்கும் முதல் வெட்டு அவர் சட்டைக்குத்தான். அப்பா சூடம் காட்டிவிட்டுக் கத்தரியை எடுத்தார். அதன் இரண்டு அலகும் சேரும் திருகாணியிலிருந்து எறும்பு ஒன்று வந்தது. அதன் பின்னால் வரிசையாக வந்தன. வெல்லம் உள்ளே தங்கியிருக்கிறது. அப்பா எறும்புகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் என் கால் விரல்களைப் பார்த்தேன்.

அவர் எறும்புகளை ஊதிவிட்டுத் துண்டால் துடைத்து, துணியில் கத்தரியை வைத்தார். ஒரு சாண் போனது. அதற்கு மேல் போகவில்லை. அலகுகளுக்கு நடுவில் துணி மடங்கிக்கொண்டது. எடுத்து மறுபடி வைத்தார். மறுபடியும் அதேதான். அவர் நெற்றியில் வேர்வை நின்றது. 'ஏனாயித்து டைலரே' என்று, என்ன ஆயிற்று என்பதைக் கன்னடத்தில் கேட்டார் கடைக்காரர். கதவருகில் வந்து நின்ற அம்மாவைப் பார்த்து அப்பா பதில் சொன்னார்.

"கத்தரிக்கு வாய் போயிடுச்சு."

அம்மா கத்தரியைப் பார்க்கவில்லை. அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று மதியம் ஊர்வலம் பார்க்க அப்பா என்னைக் கூட்டிப்போனார். சயாஜிராவ் ரோட்டில் நிற்க இடமில்லை. எல்லா அப்பாக்களும் பிள்ளைகளின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். என் அப்பா பிடிக்கவில்லை. நான்தான் அவர் கையைப் பிடித்தேன். அவர் விரல்கள் என் விரல்கள் மேல் மூடவே இல்லை. என் மேல் அவ்வளவு கோபம் என்று நினைத்தேன். யானை வந்தபோது மற்றவர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கினார்கள். அப்பா பக்கத்தில் நின்ற ஒருவரிடம் சொல்லி என்னை ஒரு மதில் மேல் ஏற்றி உட்கார வைத்தார். அம்பாரி என் எதிரே போனது. நான் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் சாணை பிடிப்பவர் எங்கள் தெருவுக்கு வந்தார். நான் ஓடிப்போய் அவரை வாசலுக்கே கூட்டிவந்துவிட்டேன். அம்மா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். "சாணை பிடிச்சாச் சரியாகறது இல்லடா அது. போ, போய்ப் படி" என்றாள். என்னால் வந்த கேடு சாணைக்கும் அடங்காதது என்று எனக்குப் புரிந்தது.

தை மாதம் கடையை மூடினார்கள். அப்பா நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் காவலுக்குச் சேர்ந்தார். தினமும் காலை ரயிலில் போவார். அடுத்த வருஷம் நான் பள்ளிக்கூடம் போக மறுத்து, மொசைக் மேஸ்திரி ஒருவரோடு சேர்ந்தேன். அப்பா கெஞ்சிக்கூடப் பார்த்தார். கடையைக் கெடுத்தவன் நான், நான்தான் உழைக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. கடைசிவரை அவரும் அந்த எறும்புகளைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினார் என்றே நாற்பது வருஷம் நினைத்திருந்தேன்.

ஓட்டலுக்குப் போன மறுநாள் காலை, மனைவியும் மகளும் வேலைக்குப் போன பிறகு, பரணிலிருந்து அந்தக் கத்தரியை எடுத்தேன். அம்மா இருந்தவரை ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை எண்ணெய் போட்டு, அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி வைப்பாள். அவள் போன பிறகு என்னிடம் வந்தது. நான் ஒருநாளும் பிரித்ததில்லை. பழைய ஜன்னல் திரை ஒன்றை எடுத்து, ஓரத்தில் வைத்து அழுத்திப் பார்த்தேன்.

கத்தரி போய்க்கொண்டே இருந்தது. திரையின் மறு ஓரம் வரை ஒரே கோடு. சிறு வயதில் தூக்கத்திலும் கேட்ட அந்தச் சத்தம்.

கொள்ளேகாலில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டேன். வேலைக்குப் போகலையாண்ணா என்றாள். ஒப்பட்டு யானை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"தும்பிக்கைய நீ தின்னுட்டு, உள்ள மடிச்சு வெச்சிருக்குதுன்னியே, அதுவாண்ணா?" என்று சிரித்தாள்.

அதனால்தான் கத்தரி கெட்டது என்றேன்.

"கத்தரி எங்கண்ணா கெட்டுச்சு? அப்பாவுக்குக் கை வெரல்தான் மரத்துப் போச்சு. அதுக்கு முன்னாடியிருந்தே அப்படித்தானாம். தையக்காரனுக்குக் கை போச்சுன்னு ஊருக்குத் தெரிய வேண்டாம்னு கத்தரி மேல பழியப் போட்டாராம். அம்மா கடைசியா படுத்திருந்தப்ப சொல்லுச்சு. உனக்குத் தெரியும்னே நெனச்சேன்."

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அந்த வருஷம் முழுக்க அப்பாவுக்குச் சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிட்டாள். நான் அதைச் செல்லம் என்று நினைத்தேன். காப்பி டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் பிடிப்பார். குளிருக்கு என்று நினைத்தேன். தசராத் துணி தாமதமாகிறது என்று ஆட்கள் வந்து சத்தம் போட்டார்கள். வேலை அதிகம் என்று நினைத்தேன். அம்மாவுக்குக் கை தெரியும், எறும்பு தெரியாது. அப்பாவுக்கு இரண்டும் தெரியும். ஆனால் அந்த எறும்புகளை நான் எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார்.

ஆகையால் அந்த ஓட்டலில் எனக்கு எதுவும் பிடிக்காமல் இல்லை. மறுபடி ஒருமுறை எங்களைக் கூட்டிப்போகச் சொல்லி மகளிடம் கேட்கப் போகிறேன், அதாவது இதைப் படித்துக் காட்டும்போது அவள் அம்மா கேட்பாள். அந்தப் பெண்ணிடம் கத்தரியை வாங்கி நானே வெட்டித் தருகிறேன். அந்த அடை நல்ல கெட்டியாக இருந்தது. தும்பிக்கை ஒடியாது.

ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அன்று சயாஜிராவ் ரோட்டில் கூட்டம் நெருக்க நெருக்க, அப்பாவின் விரல்கள் மூடாததைப் பார்த்து, அவர் கோபம் தணியட்டும் என்று நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். மதிலிலிருந்து இறங்கிய பிறகும் விடவில்லை. வீடு வரும்வரை விடவில்லை. அவர் ஒரு முறை குனிந்து என் கையைப் பார்த்தார். எதற்குப் பார்க்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை; நான் பிடித்திருப்பது மரத்த விரல்களுக்குத் தெரிந்திருக்காது.

விஜயதசமி, காலை.